முதல் – வரை

ஊராட்சி அலுவலகத்தின் நடுச்சுவரில் ஒரு தகரப் பலகை. நீலப் பெயிண்ட், ஓரமெல்லாம் துரு. மேலே ‘ஊராட்சி மன்றத் தலைவர்கள்’ என்று வெள்ளையில் எழுதியிருக்கிறது. கீழே பெயர், முதல், வரை என்று கட்டங்கள். 25-10-1996 முதல் 24-10-2001 வரை. 25-10-2001 முதல் 24-10-2006 வரை. இப்படியே நான்கு வரிசை, 2016 அக்டோபர் 24 வரை பிசகில்லாமல் வருகிறது. ஐந்தாவது வரிசையில் ஒரு பெண்ணின் பெயர் மட்டும் இருக்கிறது. தேதிக் கட்டம் இரண்டும் காலி.

அந்தக் காலியை நிரப்பத்தான் ஆர்ட்டிஸ்ட் வந்திருக்கிறார். 2025 ஜனவரி 3, வெள்ளிக்கிழமை. சனியும் ஞாயிறும் அலுவலகம் கிடையாது. திங்கட்கிழமை அந்த நாற்காலி தலைவருடையதாக இருக்காது. வீட்டு வரி கட்ட வந்த நான், ரசீதுக்காக ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். புதுக்கோட்டைப் பக்கத்து ஊராட்சி அலுவலகங்களில் பெஞ்சில் இருப்பவனை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அது ஒரு வசதி.

ஆர்ட்டிஸ்ட் ஸ்டூலில் ஏறி நின்று, பிரஷ்ஷை விரலால் நீவிவிட்டு, தலைவரின் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார். “தலைவரே, தேதி சொல்லுங்க. மத்தியானம் கீரனூர்ல ஒரு கடை போர்டு இருக்கு.”

வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா நிமிராமலே சொன்னார். “ரெண்டு, ஒண்ணு, ரெண்டாயிரத்து இருவது.”

“ஆறும்மா” என்றார் ஊராட்சிச் செயலர். அவரும் நிமிரவில்லை. என்னுடைய ரசீதைத்தான் எழுதிக்கொண்டிருந்தார் என்று நினைத்தேன். இல்லை, வேறு ஏதோ பில்.

“ஜெயிச்சது ரெண்டாந்தேதிதானே? ராத்திரி முழுக்கக் கொட்டு அடிச்சாங்கல்ல?”

“எண்ணுனது ரெண்டாந்தேதி. உங்க சர்டிபிகேட்டைக் கையில குடுத்தப்போ மணி ஒண்ணரை. அப்படிப் பாத்தா மூணாந்தேதி.”

ஆர்ட்டிஸ்ட் பிரஷ்ஷை டர்பன்டைன் டப்பாவில் திரும்பப் போட்டார்.

2019 டிசம்பர் 27, 30 என்று இரண்டு கட்டமாக நடந்த வாக்குப்பதிவு அது. மூன்று வருஷத்துக்கு மேல் தலைவரில்லாமல் கிடந்த ஊர்கள், சீட்டுகளை விடிய விடிய எண்ணின. வார்டுக்கு ஒரு நிறம், தலைவருக்கு ஒரு நிறம், ஒன்றியத்துக்கு ஒரு நிறம், மாவட்டத்துக்கு ஒரு நிறம் என்று நான்கு நிறச் சீட்டுகளைப் பிரித்தெடுப்பதற்கே பொழுது போய்விட்டது. அந்த இரவில் ஜெயித்தவருக்குப் பதவி எப்போது தொடங்கியது என்று கேட்டால், கழுத்தில் மாலை விழுந்தபோது என்றுதான் சொல்வார். வேறு எப்படிச் சொல்வார்?

சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெரியவர். பலகையின் முதல் வரிசைக்காரர், 1996-இல் ஜெயித்தவர். வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு பேசினார். “பதவி ஏத்தது வைகுண்ட ஏகாதசி அன்னைக்கு. நான் விரதம், டீகூடக் குடிக்கல. நல்லா ஞாபகம் இருக்கு.”

“அதான் ஐயா, ஆறாந்தேதி.”

“இந்த வருசம் ஏகாதசி என்னைக்கு?”

செயலர் மேஜைக் காலண்டரைப் பார்த்தார். “பத்தாந்தேதி.”

“அப்ப ஏகாதசிக்கு ஏகாதசி கணக்கு வச்சா ஒம்போதாந்தேதி வரைக்கும் இருக்கலாம்ல?” பெரியவர் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. நான்கு நாள் கூடக் கிடைக்கும் கணக்கு ஒன்று காதில் விழுந்தால் யாருக்கும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரத்தான் தோன்றும்.

சட்டம் மாலையையும் பார்ப்பதில்லை, திதியையும் பார்ப்பதில்லை. அரசியல் சாசனத்தின் 243-இ பிரிவு, ஊராட்சியின் ஆயுள் அதன் முதல் கூட்டத்துக்குக் குறிக்கப்பட்ட தேதியிலிருந்து ஐந்தாண்டு என்கிறது. அதற்கு மேல் கூடாது என்றும் சேர்த்துச் சொல்கிறது. தமிழ்நாட்டில் உறுதிமொழி எடுத்த அந்த 2020 ஜனவரி 6-தான் தொடக்கம். ஆகவே 2025 ஜனவரி 5-உடன் தீர்ந்தது. இதில் கவனிக்க வேண்டியது, ஆயுள் ஊராட்சிக்குத்தான், ஆளுக்கு இல்லை. ஜெயித்தவர் அந்த ஆயுளுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறவர். எப்போது வந்தார் என்பது அவருடைய சொந்த விஷயம்.

இது துணைத்தலைவருக்குப் பிடிக்காத சட்டம்.

அவர் எக்ஸெல் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு வந்தார். பலகையையும் ஸ்டூலையும் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. “என் பேரு இதுல இல்ல, சரி. ஆனா எனக்கு அஞ்சு வருசம் இன்னும் ஆகல. நான் தேர்வானது முப்பதாந்தேதி. ஜனவரி இருபத்தொம்பது வரைக்கும் நான் துணைத்தலைவர்தான்.”

விஷயம் இதுதான். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். 2020-இல் அதற்கு ஜனவரி 11 குறிக்கப்பட்டிருந்தது. இந்த ஊரில் அன்றைக்கு ஆள் சேரவில்லை. பாதிப்பேர் வரவில்லை, ஏன் வரவில்லை என்பதை ஊரே அறியும், எழுத வேண்டியதில்லை. இப்படித் தள்ளிப்போன இடங்களுக்கெல்லாம் ஜனவரி 30-இல் மறுபடி நடத்தினார்கள். அதில் வந்தவர் இவர்.

“முப்பதாந்தேதி வரைக்கும் நான் தலைவரே இல்லியே” என்றார் தலைவர், யாரையும் பார்க்காமல். “செக்குல ரெண்டு கையெழுத்து வேணும். நீங்க வந்தப்பறம்தான் மொத செக்கே கிழிச்சோம். பிப்ரவரியில டேங்க் ஆபரேட்டருக்குச் சம்பளம் போட்டோம். மார்ச்சுல கொரோனா வந்திருச்சு.”

அந்த அம்மாவின் கணக்கு எனக்குப் புரிந்தது. தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் ஊராட்சிப் பணம் அசையும் என்பது தமிழ்நாட்டுச் சட்டத்தின் ஏற்பாடு. எதிரெதிர் அணியாக ஜெயித்த இருவர் ஒரே தாளில் பெயர் எழுதியாக வேண்டும். துணை வரும்வரை தலைவர் சும்மா உட்கார்ந்திருந்தார். சட்டப்படி கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஊரடங்கு. கிருமிநாசினி தெளித்து, கபசுரக் குடிநீர் ஊற்றிக்கொடுத்து, வெளியூரிலிருந்து திரும்பியவர்களின் பெயரை எழுதி வைத்து இரண்டு வருஷம் கழிந்தது. அந்த இரண்டு வருஷத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்பது இந்த அம்மா ஒருவரின் குரல் மட்டுமில்லை. தலைவர்கள் பலரும் அதைத்தான் கேட்டார்கள். கேட்டவர்கள் மேல் எனக்கு அனுதாபம் உண்டு. ஆனால் கேட்ட இடத்தில் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒரு நாள் கூட்டிக்கொடுக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு இல்லை.

மக்களவைக்கு அப்படி இல்லை. அதற்கும் முதல் கூட்டத் தேதியிலிருந்து ஐந்தாண்டுதான் என்றாலும், நெருக்கடி நிலை இருந்தால் வருஷம் வருஷமாக நீட்டிக்கொள்ள ஒரு வழி உண்டு. 1971 மார்ச்சில் கூடிய மக்களவை 1976 மார்ச்சில் முடிந்திருக்க வேண்டும். அதை இரண்டு முறை நீட்டினார்கள். ஐந்தையே ஆறாக்கிய 42-ஆவது திருத்தமும் வந்தது. பின்னால் 44-ஆவது திருத்தம் அதைப் பழையபடி ஐந்தாக்கியது. டெல்லிக்கு உள்ள அந்தச் சலுகை, தண்ணீர்த் தொட்டி கழுவும் மன்றத்துக்குக் கிடையாது.

வாசலில் ஒரு இளைஞர் போனில் பேசிக்கொண்டே வந்தார். மறுநாள் தச்சங்குறிச்சியில் ஜல்லிக்கட்டு. வருஷத்தின் முதல் வாடிவாசல் அங்கேதான் திறக்கும். இவர் வீட்டுக் காளைக்கு டோக்கன் கிடைத்துவிட்டது போலும், குரலில் அது தெரிந்தது. இவர் நான்காவது வார்டு உறுப்பினர். முன்பு இருந்தவர் இறந்துபோனதால் 2022 ஜூலையில் நடந்த இடைத்தேர்தலில் வந்தவர்.

“நீ என்னப்பா சொல்ற?” என்று பெரியவர் கிளப்பிவிட்டார்.

“நமக்கு இருவத்தேழு ஜூலை வரைக்கும் இருக்குண்ணு சொல்லித்தானே ஐயா நிக்கவச்சாங்க? மாடு வாடியை விட்டு வெளிய வந்ததுலேருந்துதான் கணக்கு. தொழுவுல நின்ன நேரத்தைச் சேத்துக்குவாங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்த வாதம் அவ்வளவு லேசானதில்லை. இடையில் வந்தவருக்கு மீதிதான். 2012-இல் புதுக்கோட்டை சட்டமன்ற உறுப்பினர் முத்துக்குமரன் விபத்தில் இறந்தபோது, அந்த ஜூனில் இடைத்தேர்தலில் ஜெயித்த கார்த்திக் தொண்டைமானுக்கும் 2016 வரைதான். அதை யாரும் அநியாயம் என்று சொல்லவில்லை. சபை ஒன்று, ஆயுள் ஒன்று. ஒவ்வொருவருக்கும் ஒரு கடிகாரம் கட்டிவிட்டால் ஊரில் எந்த நாளும் தேர்தலாகத்தான் இருக்கும்.

தொண்டைமான் பெயர் வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டையின் கடைசி மன்னர் ராஜகோபாலத் தொண்டைமான் 1928-இல் ஆறு வயதில் முடி சூடினார். முழு அதிகாரம் கைக்கு வந்தது 1944-இல். அவருடைய ‘முதல்’ கட்டத்தில் எதை எழுதுவது? ‘வரை’ கட்டத்துக்குச் சிக்கலில்லை, 1948 மார்ச் 3. அன்றைக்கு சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தது. அவருடைய அரண்மனையில்தான் இன்றைக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இயங்குகிறது.

தொடக்க நாளைப் பற்றிய வழக்குகளுக்குப் பஞ்சமே இல்லை. உத்தரப் பிரதேசத்தில் சட்டமன்றத்துக்கு ஜெயித்த ஒருவர், உறுதிமொழி எடுக்கும் முன்பே மாநிலங்களவைத் தேர்தலில் ஒரு வேட்பாளரை முன்மொழிந்தார். அவர் உறுப்பினரா, இல்லையா? 1980-களில் உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில், உறுப்பினர்தான் என்று தீர்ப்பு வந்தது. அவையில் உட்கார்ந்து வாக்களிக்கத்தான் உறுதிமொழி வேண்டும். முன்மொழிவது அவை வேலை இல்லை. உறுதிமொழி எடுக்காமல் அவையில் உட்கார்ந்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் என்று சாசனம் சொல்கிறது. 1950-இல் அது பெரிய தொகை.

அதைவிடப் பெரிய கூத்து பீகாரில் நடந்தது. 2005 பிப்ரவரித் தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஆட்சி. மே 23-இல் சட்டமன்றத்தையே கலைத்துவிட்டார்கள். ஜெயித்தவர்கள் ஒரு நாள்கூட அவைக்குள் போகவில்லை. கூடாத சபையைக் கலைக்க முடியுமா, பிறக்காத ஒன்று சாகுமா என்று வழக்குப் போட்டார்கள். தேர்தல் ஆணையம் ஜெயித்தவர்களின் பெயரை அறிவிக்கையாக வெளியிட்டதுமே சபை அமைந்துவிட்டது, கூடாவிட்டாலும் கலைக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் இந்த ஆளுநர் கலைக்கச் சொன்ன காரணம் செல்லாது என்று சொல்லி அந்த ஆணையை அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்றது. சரி, சபையைத் திருப்பிக் கொடுத்தார்களா என்றால் அதுவும் இல்லை. அதற்குள் அடுத்த தேர்தல் வேலை தொடங்கிவிட்டது. சபை அமைவது ஒரு நாள், ஆயுள் எண்ணத் தொடங்குவது இன்னொரு நாள். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்குப் பதவி உண்டு, வேலை இல்லை. இந்த அம்மாவின் ஜனவரி 2-க்கும் 6-க்கும் நடுவிலுள்ள நாட்கள் மாதிரி.

இதையெல்லாம் அந்த அறையில் எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ரசீது இன்னும் தாமதமாகியிருக்கும்.

“அஞ்சாந்தேதி ஞாயித்துக்கிழமையாச்சே” என்று துணைத்தலைவர் அடுத்த நூலைப் பிடித்தார். “கடைசி நாளு லீவுல வந்தா மறுநாள் சேரும்ல? கோர்ட்டுல மனு போடவே அப்படி ஒரு சலுகை உண்டும்பாங்க.”

“அது மனுவுக்குண்ணே. பதவிக்கு இல்ல” என்றார் செயலர்.

ஞாயிறு வேறு ஊரிலும் வம்பு செய்திருக்கிறது. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் ஜனாதிபதி பதவி மார்ச் 4-இல் மாறும். 1849-இல் அந்த நாள் ஞாயிறு. ஜக்காரி டெய்லர் ஞாயிற்றுக்கிழமை பதவிப் பிரமாணம் எடுக்க மாட்டேன் என்று திங்கட்கிழமைக்குத் தள்ளிவிட்டார். பழையவருக்குக் காலம் முடிந்தது, புதியவர் பிரமாணம் எடுக்கவில்லை. அப்படியானால் செனட் சபையின் தற்காலிகத் தலைவராயிருந்த டேவிட் ஆட்சிசன்தான் அன்றைக்கு ஜனாதிபதி என்று ஒரு கதை கிளம்பியது. மிசௌரியில் அவர் கல்லறையில் ‘ஒரு நாள் ஜனாதிபதி’ என்றே பொறித்து வைத்திருக்கிறார்கள். அவருடைய செனட் பதவிக் காலமும் அதே மார்ச் 4-இல்தான் முடிந்தது என்பதைக் கல்லில் எழுதவில்லை. பலகை எழுதுபவரிடம் விட்டால் சட்டம் இப்படித்தான் ஆகும்.

நம் ஆர்ட்டிஸ்ட் அப்படிப்பட்டவர் இல்லை. செயலர் சொன்னதையே எழுதினார். 6-1-2020. வெள்ளைப் பெயிண்ட் ஒழுகாமல், ஆறின் வயிறு உருண்டு வந்தது. பக்கத்துக் கட்டத்தில் 5-1-2025. எழுதி முடித்துவிட்டுக் கொஞ்சம் பின்னால் சாய்ந்து பார்த்தார். நான்காவது வரிசைக்கும் ஐந்தாவது வரிசைக்கும் கண் போய் வந்தது.

“இங்க மூணு வருசத்தைக் காணமே. யாரு இருந்தா?”

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பெரியவர்தான் சொன்னார். “யாரும் இல்ல.”

“தனி அலுவலர் இருந்தாரு” என்று திருத்தினார் செயலர். “பி.டி.ஓ. அவருக்கு இதோட எத்தனையோ ஊரு.”

2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் தேர்தல் நடக்க வேண்டியது. பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு ஒழுங்காகச் செய்யப்படவில்லை என்று திமுக தொடுத்த வழக்கில், அக்டோபர் 4-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்தது. அக்டோபர் 24-இல் எல்லோருடைய ஆயுளும் முடிந்தது. வார்டு வரையறை, மேல்முறையீடு, புதிய மாவட்டம் என்று காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தனி அலுவலர்களின் காலம் ஆறு மாதம், ஆறு மாதம் என்று சட்டமன்றத்தில் நீட்டப்பட்டுக்கொண்டே போனது. கடைசியில் 2019 டிசம்பரில், மாவட்டப் பிரிவினையில் சிக்கிய ஒன்பது மாவட்டங்களை உச்ச நீதிமன்றம் விலக்கிவைக்க, புதுக்கோட்டை உட்பட 27 மாவட்டங்களுக்குத் தேர்தல் வந்தது. அந்த ஒன்பதில் 2021 அக்டோபரில்தான் நடந்தது. அதனால் தென்காசிக்காரருக்கு 2026 வரை நாற்காலி. “அவன் என்ன, நம்மளவிடக் கூட ஓட்டு வாங்குனானா?” என்று துணைத்தலைவர் அதையும் ஒரு முறை கேட்டுவிட்டார்.

243-இ பிரிவு இரண்டு விஷயம் சொல்கிறது. ஐந்தாண்டுக்கு மேல் கூடாது. அந்த ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும். அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றமும் இதே கண்டிப்போடுதான் பேசியது: காலம் முடியுமுன் தேர்தல் நடத்துவது தேர்தல் ஆணையத்தின் கடமை, சாக்குச் சொல்லக் கூடாது. முதல் கட்டளையை நாள் தவறாமல், மணி தவறாமல் நிறைவேற்றுகிறார்கள். இரண்டாவது கட்டளைதான் ஆறு மாதம் ஆறு மாதமாகத் தள்ளிப்போகிறது. ஓட்டு வாங்கி வந்தவர் ஒரு நாள் கூடுதலாக உட்கார்ந்தால் சாசன மீறல். ஓட்டே வாங்காதவர் மூன்று வருஷம் உட்கார்ந்தால் நிர்வாக ஏற்பாடு. பதவி எந்த நாளில் தொடங்கியது என்று ஊரில் நடக்கும் இத்தனை சண்டையும், எனக்குத் தோன்றுகிற வரையில், தொடக்கத்தைப் பற்றியதே இல்லை. 2020 ஜனவரி 6-ஆம் தேதி இந்த அறையில் யாரும் தேதி கேட்டிருக்க மாட்டார்கள். ஐந்து வருஷமாகக் கட்டம் காலியாகவே கிடந்தது; ஒருவருக்கும் உறுத்தவில்லை. முடிகிற நாள் கண்ணில் தெரிந்த பிறகுதான் தொடங்கிய நாள் எது என்று தேடுகிறார்கள். அதிலும், அடுத்த தேர்தலுக்கு நாள் குறித்திருந்தால் துணைத்தலைவர் இப்போது இந்த அறையிலா நின்றுகொண்டிருப்பார்? போஸ்டர் அடிக்கப் போயிருப்பார்.

இத்தனை நேரமும் வாசற்படியில் ஒருவர் குந்தியிருந்தார். கையில் பாலித்தீன் கவர், அதற்குள் பில். சிமெண்ட் சாலை போட்ட ஒப்பந்தக்காரர். தொடக்கத்தைப் பற்றியோ ஏகாதசியைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குள் இரண்டு பேரும் ஒப்புதல் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். திங்கட்கிழமை புதிதாக வருகிறவர் சாலையை முதலில் அளந்து பார்ப்பார். அளந்தால் என்ன ஆகும் என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

தலைவர் பில்லை வாங்கிப் பார்த்தார். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அந்த அம்மா தாளைக் கொஞ்சம் தன் பக்கம் சாய்த்துக்கொண்டார். ஐந்து வருஷத்தில் கற்றுக்கொண்ட சாய்ப்பு அது. முதல் வருஷம் இதே அலுவலகத்தில் வரி கட்ட வந்தபோது, அந்த நாற்காலியில் வீட்டுக்காரர்தான் இருந்தார். எந்த மாதத்தில் இடம் மாறியது என்று தெரியவில்லை. அதற்குப் பலகையில் கட்டம் இல்லை.

“நாளைக்கு அளந்துட்டுப் போடுறேன்” என்றார் அந்த அம்மா.

“நாளைக்குச் சனிக்கிழமைம்மா.”

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் நான் தலைவர்தானே?”

ஒப்பந்தக்காரர் துணைத்தலைவரைப் பார்த்தார். துணைத்தலைவருக்கு இதில் அக்கறை இல்லை. அவர் செயலரின் மேஜைமேல் குனிந்திருந்தார்.

“மதுரைக்குப் போனா செல்லுமா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். உயர் நீதிமன்றக் கிளையைத்தான் சொல்கிறார்.

“எதுக்குண்ணே?”

“இருவத்தொம்பது வரைக்கும்னு ஒரு உத்தரவு வாங்கியாந்துட்டா?”

செயலர் என் ரசீதைக் கிழித்து நீட்டிக்கொண்டே சொன்னார். “நீங்க வக்கீலைப் பாத்து, மனு தயார் பண்ணி, நம்பர் ஆகி, அரசு தரப்பு பதில் சொல்ல நேரம் கேட்டு... அதுக்குள்ள இருவத்தொம்பது போயிரும்ணே.”

துணைத்தலைவர் மேஜைக் காலண்டரைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

“ஸ்டே மட்டும் வாங்குனா?” என்றார்.